17 மணி 48 நிமிடம்: கம்ப்யூட்டர் சொன்ன கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் மாதத்தில் என்னவெல்லாம் செய்கிறார்கள்? தங்கள் ஊரை மேப்பில் தேடிப் பார்க்கிறார்கள். வீட்டு மொட்டை மாடி சாட்டிலைட் படத்தில் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். மகனோ மகளோ வெளிநாட்டில் இருந்தால், அந்த ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம், விமானத்தில் வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று தேடுகிறார்கள். இதற்கென்றே பல தளங்கள் இருக்கின்றன. இரண்டு விமான நிலையங்களின் பெயரை டைப் செய்து என்டர் தட்டினால், ஒரு விநாடியில் தூரமும் நேரமும் திரையில் வந்து விடும்.

இந்தத் தளங்களை நானும் பயன்படுத்துகிறேன். உங்களையும் பயன்படுத்தச் சொல்வேன். ஆனால் அவை தரும் எண்ணை அப்படியே எடுத்துக் கொண்டு ஒரு முடிவு எடுக்காதீர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடும் என்று நான் சொல்லவில்லை. அது சரியாகத்தான் போடுகிறது. நாம் கேட்ட கேள்வி ஒன்று, அது பதில் சொன்ன கேள்வி வேறொன்று. இதைப் புரிந்து கொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்.

என் வீட்டில் நடந்தது

2018 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை இரவு என் பெரியப்பா காலமானார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவருக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. அவர் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகருக்குப் பக்கத்தில் வேலையில் இருந்தார். செய்தி கேட்டதும் கிடைத்த டிக்கெட்டை வாங்கிக் கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினார். செவ்வாய்க்கிழமை அதிகாலை போன் வந்தது. "தம்பி, நான் ஏறிட்டேன். 5:30 மணிக்கு கிளம்புது. நம்ம நேரம்தான் சொல்றேன். போனை ஆஃப் பண்ணச் சொல்றாங்க" என்றார். அவ்வளவுதான். எந்த வழியாக வருகிறார் என்று நான் கேட்கவில்லை.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "அவன் எத்தனை மணிக்கு வந்து சேருவான்னு உன் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லுடா. அதை வச்சுத்தான் நேரம் குறிக்கணும்" என்றார். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். லேப்டாப்பைத் திறந்தேன். தூரமும் நேரமும் சொல்லும் ஒரு தளத்தில் இரண்டு ஊர்களின் பெயரையும் கொடுத்தேன். பயண நேரம் 17 மணி 48 நிமிடம் என்று வந்தது. காலை 5:30 உடன் அதைக் கூட்டினேன். இரவு 11:18. அங்கிருந்து கார் பிடித்து வர 7 மணி நேரம். புதன்கிழமை காலை 6:30 மணிக்குள் வந்து விடுவார் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். நிமிடக் கணக்கோடு சொன்னதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

புதன்கிழமை எமகண்டம் கழிந்து காலை 9 மணிக்கு எடுப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். உறவினர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். 6:30 ஆயிற்று, அண்ணன் வரவில்லை. போனும் ஆஃப். "சார்ஜ் தீர்ந்திருக்கும், வழியில் வந்து கொண்டிருப்பார்" என்று நானே சொன்னேன். 8 மணிக்கு பெரியப்பாவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி, சடங்குகளைத் தொடங்கி விட்டார்கள். 8:45 மணிக்கு போன் அடித்தது. "தம்பி, இப்பத்தான் மெட்ராஸ்ல இறங்கினேன்" என்றார் அண்ணன். வழியில் ஒரு வளைகுடா நகரில் இறங்கி, 7 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, அடுத்த விமானம் பிடித்து வந்திருக்கிறார்.

அவர் ஊருக்கு வர மாலை ஆகிவிடும். குளிப்பாட்டிய உடலை மறுபடி பெட்டியில் வைக்கக் கூடாது என்றார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். அண்ணன் மாலை 5 மணிக்கு வந்தார். நேராகச் சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலிலேயே "புதன் மாலை" என்று நான் சொல்லியிருந்தால், நேரத்தை மாலைக்குக் குறித்திருப்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அந்தத் தளத்தை நான் குறை சொல்லவில்லை. பின்னர் நிதானமாக அதே பக்கத்தைக் கீழே வரை படித்துப் பார்த்தேன். எப்படிக் கணக்கிட்டோம் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மணிக்கு 500 மைல் வேகம், நேர்வழிப் பயணம், ஏறவும் இறங்கவும் சேர்த்து 30 நிமிடம். இவ்வளவுதான் அந்தக் கணக்கு! தூரத்தை 500-ஆல் வகுத்து அரை மணியைக் கூட்டியிருக்கிறது. இதை ஒரு கால்குலேட்டரில் நீங்களே செய்யலாம். அந்த "48 நிமிடம்" என்பது வகுத்ததில் வந்த மிச்சம். எந்த விமானத்தின் அட்டவணையையும் அந்தத் தளம் பார்க்கவில்லை. சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நேரடி விமானம் உண்டா என்று கூட அதற்குத் தெரியாது. உண்மையில் கிடையாது.

தூரம் என்றால் எந்தத் தூரம்?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சென்னை விமான நிலையத்திலிருந்து சான்பிரான்சிஸ்கோ விமான நிலையம் சுமார் 13,900 கி.மீ. என்று தளங்கள் சொல்லும். இது எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. சென்னை ஏறக்குறைய வடக்கு 13 டிகிரி, கிழக்கு 80 டிகிரி. சான்பிரான்சிஸ்கோ வடக்கு 37.6 டிகிரி, மேற்கு 122.4 டிகிரி. பூமியை 6,371 கி.மீ. ஆரம் உள்ள ஓர் உருண்டையாக எடுத்துக் கொண்டு, அதன் மேல்பரப்பில் இந்த இரண்டு புள்ளிகளையும் சேர்க்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளத்தைத் தளம் கணக்கிடுகிறது. இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். ஆங்கிலத்தில் கிரேட் சர்க்கிள் என்பார்கள்.

இந்தக் கோடு எந்தப் பக்கமாகப் போகும் தெரியுமா? சுவரில் மாட்டும் உலகப் படத்தைப் பார்த்தால், சென்னையிலிருந்து கிழக்கே பசிபிக் கடல் வழியாகவோ, மேற்கே அட்லாண்டிக் வழியாகவோ போக வேண்டும் என்று தோன்றும். இரண்டும் இல்லை. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட வடக்கு நோக்கி, சற்றே கிழக்கே சாய்ந்து கிளம்ப வேண்டும். இமயமலை, சீனா, மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா என்று போய் மேலிருந்து கீழாக சான்பிரான்சிஸ்கோவில் இறங்க வேண்டும். அதுதான் 13,900 கி.மீ. சுவர்ப் படத்தில் ஸ்கேல் வைத்துப் பசிபிக் வழியாக நேர்கோடு போட்டு அந்தத் திசையிலேயே பறந்தால், சுமார் 2,000 கி.மீ. கூடுதலாகும்.

நம்ப முடியவில்லையா? பிள்ளைகள் வைத்திருக்கும் பூகோள உருண்டையை எடுங்கள். ஒரு நூலின் ஒரு முனையைச் சென்னையிலும், மறுமுனையை சான்பிரான்சிஸ்கோவிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே நகர்ந்து சைபீரியாவின் மேல் போய் நிற்கும். சுவர்ப் படம் ஏன் ஏமாற்றுகிறது? உருண்டையைத் தட்டையான காகிதமாக விரித்தால் எங்காவது இழுபட்டே தீரும். 1569-ல் ஜெரார்டஸ் மெர்க்காட்டர் கடலோடிகளுக்காக உருவாக்கிய முறையில் வரையப்பட்ட படங்களில் துருவங்களுக்கு அருகே எல்லாமே பெரிதாகத் தெரியும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது!

இதை உங்கள் கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம். கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, சென்னை விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் "மெஷர் டிஸ்டன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு படத்தைச் சிறிதாக்கி, அமெரிக்கா வரை நகர்த்தி, சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் ஒரு கிளிக். கோடும் வரும், தூரமும் வரும். கூகுள் எர்த் புரோகிராமில் "ரூலர்" என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் உருண்டையின் மேலேயே கோடு ஓடுவதைப் பார்க்கலாம். விமான நிலையங்களுக்கென்றே உள்ள "கிரேட் சர்க்கிள் மேப்பர்" தளத்தில் மூன்றெழுத்துக் குறியீடுகளைக் கொடுத்தால் போதும். சென்னைக்கு எம்.ஏ.ஏ., சான்பிரான்சிஸ்கோவுக்கு எஸ்.எஃப்.ஓ.

ஊர்ப் பெயருக்குப் பதில் இந்தக் குறியீட்டைக் கொடுப்பது நல்ல பழக்கம். லண்டன் என்று மட்டும் கொடுத்தால் எந்த லண்டன் விமான நிலையம்? ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல இருக்கின்றன. சான் ஹோசே என்று ஒன்று கலிபோர்னியாவில் இருக்கிறது, கோஸ்டாரிகா நாட்டில் இன்னொன்று இருக்கிறது. குறியீடு கொடுத்தால் குழப்பம் இல்லை.

ஒரே தூரத்துக்கு மூன்று தளங்கள் மூன்று எண் தருகின்றனவே என்று சிலர் பயந்து விடுவார்கள். முதலில் அலகைப் பாருங்கள். 13,900 கி.மீ. என்பதும், சுமார் 8,650 மைல் என்பதும், சுமார் 7,500 நாட்டிக்கல் மைல் என்பதும் ஒன்றுதான். ஒரு மைல் 1.609 கி.மீ. விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் நாட்டிக்கல் மைல் 1.852 கி.மீ. அலகு ஒன்றாக இருந்தும் சில பத்து கி.மீ. வித்தியாசம் வந்தால் கவலை வேண்டாம். பூமி சரியான உருண்டை அல்ல. நடுவில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. சில தளங்கள் இதைக் கணக்கில் எடுக்கின்றன, சில எடுப்பதில்லை.

விமானம் அந்தக் கோட்டில் வருகிறதா?

பெரும்பாலும் இல்லை. இங்கேதான் தூரக் கணக்குக்கும் பயணத்துக்கும் இடையில் முதல் பிரிவு வருகிறது.

சென்னைக்கு நேரடி விமானம் இல்லாததால், பயணி நடுவில் ஓர் ஊரில் இறங்கித்தான் மாற வேண்டும். துபாய் வழியை எடுத்துக் கொள்வோம். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய் சுமார் 13,000 கி.மீ. இந்தக் கோடு கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே போகும். துபாயிலிருந்து சென்னை சுமார் 2,900 கி.மீ. மொத்தம் 15,900 கி.மீ. தளம் சொன்ன தூரத்தை விட 2,000 கி.மீ. அதிகம். பறக்கும் நேரம் மட்டுமே ஏறத்தாழ 20 மணி. நடுவில் காத்திருக்கும் நேரம் இரண்டு மணியாகவும் இருக்கலாம், பத்து மணியாகவும் இருக்கலாம். அது பயணி வாங்கிய டிக்கெட்டைப் பொறுத்தது. எந்த தூரக் கணக்கும் அதைச் சொல்லாது.

நேரடி விமானமாக இருந்தாலும் காற்று என்று ஒன்று இருக்கிறது. தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்னும் வேகமான காற்று வீசுகிறது. அதனோடு போனால் நேரம் குறையும், எதிர்த்துப் போனால் கூடும். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக இதற்கு ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும். லண்டனிலிருந்து நியூயார்க் போக அதைவிட அதிகம் ஆகும். தூரம் ஒன்றுதான்! ஆனால் தூரத்தை வேகத்தால் வகுக்கும் தளத்தில் போகவும் வரவும் ஒரே நேரம்தான் காட்டும். அது ஒன்றே போதும், அந்தத் தளம் காற்றைப் பார்க்கவில்லை என்று கண்டுபிடிக்க.

இன்னும் வியப்பான உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா விமானம் முதலில் அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்து போனது. 2016 அக்டோபரில் வழியை மாற்றி, பசிபிக் மேல் சுமார் 15,300 கி.மீ. பறந்தது. 1,400 கி.மீ. அதிகம். ஆனால் சுமார் 14½ மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியை விட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்! பசிபிக் வழியில் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். தூரம் கூடினால் நேரமும் கூடும் என்று பள்ளியில் படித்த நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

அரசியலும் உண்டு. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பின், ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வழியை மூடியது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்த பயணம் சுமார் 13 மணி நேரம் ஆனது. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் சுற்றிக் கொண்டு போயின. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு அது மறுபடியும் மூடப்பட்டது. இந்த நாட்களில் எல்லாம் தூரம் சொல்லும் தளங்கள் பழைய எண்ணையே காட்டிக் கொண்டிருந்தன. அவற்றின் மேல் தப்பில்லை. பூமியின் மேல் இரண்டு ஊர்களும் நகரவில்லையே!

கடிகாரம் செய்யும் குழப்பம்

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். என் அண்ணனின் டிக்கெட்டைப் பின்னர் பார்த்தேன். திங்கள் மாலை 4 மணிக்குப் புறப்பாடு, புதன் காலை 8:30-க்கு சென்னை. விரலை மடக்கி எண்ணினால் 40½ மணி நேரம். ஆனால் குளிர்காலத்தில் சான்பிரான்சிஸ்கோ நம்மை விட 13½ மணி நேரம் பின்தங்கி இருக்கிறது. 40½-ல் 13½ போனால் 27 மணி நேரம். அதுதான் உண்மையான பயண நேரம். நான் சொன்னதோ 17 மணி 48 நிமிடம்.

அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி மாற்றுவார்கள். அந்த மாதங்களில் வித்தியாசம் 12½ மணிதான். நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை என்பதால் இது நமக்கு மறந்து போகும். கையில் எண்ண வேண்டாம். இன்டர்நெட்டில் உலக நேரம் காட்டும் தளங்களில் தேதியைக் கொடுத்துப் பார்த்துக் கொள்ளுங்கள். அன்றைய தேதியைக் கொடுப்பது முக்கியம்.

டிக்கெட் ஏஜென்ட்டைக் கேட்டால் போதாதா?

"இவ்வளவு எதற்கு? டிக்கெட் போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால் சொல்லிவிடப் போகிறார்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயம்தான். பயண நேரம் தெரிய வேண்டும் என்றால் டிக்கெட்தான் முதல் ஆதாரம், தூரக் கணக்கு அல்ல. ஆனால் டிக்கெட் நம் கையில் இருப்பதில்லை. பிள்ளைகள் அங்கே வாங்குகிறார்கள், நாம் இங்கே காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் கையில் இருக்கும் கம்ப்யூட்டரைத்தான் தட்டுகிறோம். கேட்பது தப்பல்ல. வந்த எண்ணுக்கு எந்த அளவு மதிப்புக் கொடுப்பது என்பதுதான் தெரிய வேண்டும்.

இன்னொரு சாரார், "அப்படியானால் இந்தத் தளங்களே வேண்டாம்" என்கிறார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. இரண்டு ஊர்களுக்கு இடையே உலகத்தின் மேல் எந்தப் பக்கம் குறுக்கு வழி, எத்தனை கி.மீ., ஒரு விமானம் நிற்காமல் பறந்தால் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் என்று தெரிந்து கொள்ள இவை மிக நல்ல கருவிகள். பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் தளங்களை நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "சுமார் 18 மணி நேரம், நேரடி விமானம் இருந்தால்" என்று பெரிய எழுத்தில் போட்டால் என்ன? "17 மணி 48 நிமிடம்" என்று போடுவதால் பார்ப்பவர் அதை ரயில்வே அட்டவணை போல நம்பி விடுகிறார். நிமிடம் வரை சொல்லும் எண் சரியாகத்தான் இருக்கும் என்று நம் மனம் நினைத்துக் கொள்கிறது. உண்மையில் மணிக் கணக்கே உத்தேசம்தான்.

இப்போது பலர் இதே கேள்வியை ஏ.ஐ. உதவியாளரிடம் கேட்கிறார்கள். அது நல்ல தமிழிலேயே பதில் சொல்கிறது. அங்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்: இதை எப்படிக் கணக்கிட்டாய்? நேரடி விமானம் என்று வைத்துக் கொண்டாயா?

நான் இப்போது செய்வது

1. முதலில் விமான எண்ணையும், எந்த ஊர் வழியாக என்பதையும் கேட்டு வாங்கி விடுகிறேன். மாறிப் போகும் விமானம் என்றால் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் கேட்க வேண்டும். டிக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

2. புறப்பாடு, வருகை இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றி ஒரு காகிதத்தில் எழுதுகிறேன். தேதியையும் எழுதுகிறேன்.

3. தூரத் தளத்தைத் திறந்து, வழியில் உள்ள ஒவ்வொரு பகுதியின் தூரத்தையும் தனித்தனியே பார்க்கிறேன். கி.மீ. தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி சேர்த்தால் பறக்கும் நேரம் உத்தேசமாக வரும். டிக்கெட் நேரத்தோடு இது ஓரளவு ஒத்துப் போகிறதா என்று பார்க்கிறேன். ஐந்து, ஆறு மணி நேரம் வித்தியாசம் வந்தால், எங்கோ நேர மாற்றத்தில் தவறு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். சரிபார்ப்பதற்குத்தான் இந்தக் கணக்கு.

4. விமானம் கிளம்பியதும் ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் விமான எண்ணைக் கொடுத்துப் பார்க்கிறேன். இப்போது எங்கே பறக்கிறது, எத்தனை மணிக்கு இறங்கும் என்று காட்டும். தாமதமாகக் கிளம்பியிருந்தால் அதுவும் தெரிந்து விடும்.

5. இறங்கிய பிறகு இமிகிரேஷன், லக்கேஜ் எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக் கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் சாலைப் பயணம். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதியே ஒரு சிறிய விமானப் பயணத்தை விட நீளம்!

6. வீட்டில் சொல்லும்போது நிமிடக் கணக்கில் சொல்வதே இல்லை. "நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குள்" என்று சொல்கிறேன்.

இந்த ஆறும் பழகிவிட்டால் பத்து நிமிட வேலைதான். உங்கள் பிள்ளை ஊருக்கு வரும்போது ஒரு முறை செய்து பாருங்கள். அவசரம் என்று ஒன்று வருவதற்கு முன்பே பழகிக் கொள்வது நல்லது. அந்த நேரத்தில் படபடப்பில் சிறிய எழுத்துக்களைப் படிக்க யாருக்கும் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் இப்போதும் திதிக்கு முடிந்த வருடங்களில் வருகிறார். டிக்கெட் வாங்கியதும், நான் கேட்பதற்கு முன்பே, இரண்டு விமான எண்களையும் எனக்கு அனுப்பி விடுகிறார். ஒரு வார்த்தை கூடுதலாக எழுதுவதில்லை. பெரியம்மா வழக்கம் போல என்னைத்தான் கேட்கிறார், "எத்தனை மணிக்குடா வருவான்? உலை வைக்கணும்" என்று. "அஞ்சு மணி ஆகும் பெரியம்மா. ஆறு ஆனாலும் பயப்படாதீங்க" என்கிறேன்.